"ஒண்டுமில்லை" என்றால் நோயில்லையா?

சோனகத்தெருவில் மீளக்குடியேறிய எனக்கு ஆறு வருடமாகத் தலைச்சுற்றும் தலையிடியும். இரத்தம், காது, ஸ்கான் எல்லாம் பார்த்தாயிற்று, "ஒண்டுமில்லை" என்றார்கள். அப்ப இது பொய்யா? இல்லை. நெருக்கீடு நீடித்தால் கழுத்துத் தசைகள் இறுகித் தலை இடிக்கும். மூச்சு வேகமாகி இரத்தத்தில் காபனீரொட்சைட்டுக் குறைய, மூளையின் குருதிக்குழாய்கள் ஒடுங்கித் தலை சுற்றும்.

யாழ்ப்பாணத்தில் போரின் மனவடு உடல் நோவாக வெளிப்படுவதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேரத்தில் ஊரை விட்ட எங்கட சனத்துக்கும் இது பொருந்தும். உளமருத்துவரிடம் போறது விசருக்கு மட்டுமல்ல. ஆறுதலான மூச்சு, நேரத்துக்கு உறக்கம், அன்றாட நடை எனக்கு உதவுகின்றன. ஆனால் திடீரென வாய் குழறினாலோ ஒரு பக்கம் மரத்தாலோ தாமதியாமல் ஆசுபத்திரிக்குப் போங்கள்.