எந்திர அறையின் வாட்ச்

கடலிலிருந்து வெகு தொலைவில் இருந்தாலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் நாமக்கல் லாரிகளாலும் டீசல் எந்திரத்தோடு நெடுங்காலம் பழகிய பகுதி மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரம். கம்ப்ரசரின் சத்தம் சற்று மாறினாலே வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும் ரிக் ஆபரேட்டரின் கவனமே, பல்லாயிரம் குதிரைத்திறன் கொண்ட வணிகக் கப்பலின் எந்திரத்தருகிலும் வேண்டப்படுகிறது. ஆனால் நடுக்கடலில் வண்டியை ஓரங்கட்ட இடமில்லை.

அந்தக் கவனத்துக்கு வகுக்கப்பட்ட ஒழுங்குமுறையே வாட்ச், அதாவது முறை வைத்துக் காவல் இருத்தல். நான்கு மணி நேரப் பணியும் எட்டு மணி நேர இடைவெளியுமாக நாள் பகுக்கப்படும் கப்பல்களில், நான்கு முதல் எட்டு வரையிலான வாட்ச்சை செகண்ட் இன்ஜினியரும், பன்னிரண்டு முதல் நான்கு வரையிலானதைத் தேர்ட் இன்ஜினியரும், எட்டு முதல் பன்னிரண்டு வரையிலானதை ஃபோர்த் இன்ஜினியரும் ஏற்பது நெடுநாள் வழக்கம்.

எந்திர அறையின் விபத்து எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு நம் கடற்பரப்புக்கு அருகிலேயே சான்று உண்டு. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்த ‘நியூ டயமண்ட்’ என்ற டாங்கர் கப்பலில், 2020 செப்டம்பர் 3 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றியது. எந்திர அறையில் பாய்லர் வெடித்ததே தொடக்கம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டு ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அணைந்த தீ மீண்டும் பற்றியதால் இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் பல நாள் போராட வேண்டியிருந்தது. சரக்கு எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியதைப் பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

எந்திர அறைத் தீயின் வழக்கமான தோற்றுவாய் மிக எளியது: உயர் அழுத்த எரிபொருள் குழாயில் விழும் மயிரிழைக் கீறலிலிருந்து எண்ணெய் பனிபோல் பீய்ச்சி, சூடான புகைப்போக்கிக் குழாயின் மேல் படுவது. இதனால்தான் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறக்கூடிய பரப்புகளுக்கு வெப்பக்காப்பு உறை போடவும், உயர் அழுத்தக் குழாய்களை இரட்டைச் சுவருடன் அமைக்கவும் பன்னாட்டு விதிகள் வற்புறுத்துகின்றன. ஆயினும் பழுது பார்த்தபின் திரும்பப் பொருத்தாமல் விடப்பட்ட உறையையும், நேற்று உலர்ந்திருந்து இன்று ஈரமாகத் தெரியும் ஃபிளேஞ்ச் என்னும் குழாய் இணைப்பையும், கப்பலின் அடியில் கழிவுநீர் சேரும் பில்ஜில் மிதக்கும் புது எண்ணெய்ப் படலத்தையும், டார்ச் விளக்கோடு சுற்றிவரும் மனிதக் கண்ணே முதலில் காண்கிறது.

கண்டவுடன் கைவைக்கக் கூடாத இடமும் உண்டு. தேய்ந்து சூடேறிய பேரிங், கிராங்க்கேஸ் என்னும் எந்திரத்தின் அடிக்கூட்டுக்குள் உராய்வெண்ணெயை ஆவியாக்கி, வெடிக்கத் தக்க மூட்டமாக மாற்றிவிடுகிறது. 1947 செப்டம்பர் 11 அன்று பெல்ஃபாஸ்ட் அருகே சோதனை ஓட்டத்தில் இருந்த ‘ரெய்னா டெல் பசிஃபிகோ’ கப்பலில் இத்தகைய வெடிப்பு 28 உயிர்களைப் பலிகொண்டது. எண்ணெய் மூட்டத்துக்கான அலாரம் ஒலித்தால், கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்குத் தெரிவித்து வேகத்தைக் குறைத்து எந்திரத்தை நிறுத்திவிட்டு விலகி நிற்பதே முறை. என்னவென்று பார்க்கும் ஆவலில் கதவைத் திறந்தால் உள்ளே புகும் காற்றே முந்தியதைவிடக் கடுமையான வெடிப்புக்கு வழிசெய்யும்.

சிறு குறையின் விலையை அண்மையில் உலகுக்கே காட்டியது ‘டாலி’ கப்பல். அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அக்கப்பலின் ஊழியர்களில் ஏறக்குறைய அனைவரும் இந்தியர்கள். 2024 மார்ச் 26 அதிகாலையில் இருமுறை மின்சாரம் இழந்து அது பாலத்தூணில் மோதியதில் சாலைப் பணியாளர் 6 பேர் மாண்டனர். கம்பியின் நுனியில் மாட்டிய பெயர்ச்சீட்டு உறை அக்கம்பியை இணைப்புக்குள் முழுமையாக நுழையவிடாததே முதல் மின்தடைக்குக் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025இல் முடிவு கூறியது. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் ஊட்ட, மின்சாரம் திரும்பினாலும் தானாக ஓடத் தொடங்காத வேறு பணிக்குரிய பம்ப் பயன்பட்டு வந்தது இரண்டாம் தடைக்கு வழிவகுத்தது. இத்தகைய ‘தற்காலிக’ ஏற்பாடுகள் வழக்கமாகிப் போவதைத் தடுப்பதும் வாட்ச்சின் கடமையே.

இரவில் ஆளின்றி இயங்கும் தானியங்கி எந்திர அறைகள் இன்று பெருகிவிட்டன. அலாரம் கேட்டுத் தனியே கீழிறங்கும் பொறியாளர், குறித்த நேரத்துக்குள் பொத்தானை அழுத்தித் தாம் நலமாக இருப்பதைத் தெரிவிக்காவிட்டால் மற்றவர்களை எழுப்பும் கருவியும் அங்கே இருக்கிறது. ஆனால் தூக்கக்கலக்கத்தை அளக்கும் கருவி எந்திர அறையில் இல்லை. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும் என்பது கடலோடிகளின் பயிற்சிக்கும் வாட்ச்சுக்குமான பன்னாட்டு உடன்படிக்கையின் விதி. துறைமுக நெருக்கடியில் கிடைக்காத ஓய்வைப் பதிவேட்டில் கிடைத்ததாக எழுதுவது சிறு பொய்யன்று, அடுத்த விபத்துக்கான முதற்காரணம்.

1978இல் உருவாகி 2010இல் மணிலாவில் விரிவாகத் திருத்தப்பட்ட அதே உடன்படிக்கை, பொறுப்பேற்க வருபவர் பணிசெய்யும் நிலையில் இல்லை என்று கருதக் காரணமிருந்தால் வாட்ச்சை ஒப்படைக்கலாகாது என்றும், என்ன செய்வதென்ற ஐயம் எழுந்தாலே சீஃப் இன்ஜினியருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே, கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் நள்ளிரவில் மூத்தவரை எழுப்பத் தயங்க வேண்டியதில்லை. அவரை எழுப்புவது விதிப்படி அவர்களின் கடமை.