ஸ்விட்ச் காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

உங்கள் வீட்டு பிராட்பேண்ட் ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் பெரும்பாலும் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண் இருக்கும். பிரவுசரில் அதை டைப் செய்து என்டர் தட்டினால் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். 1996-இல் வெளியான ஆர்எப்சி 1918 என்ற ஆவணம் இந்த வகை எண்களை உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கிவிட்டது. எனவே எத்தனை வீடுகளில் இதே எண் இருந்தாலும் குழப்பமில்லை. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு இருந்தால்தான் வம்பு.

அந்த வம்பை ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரி பாகத் தொழிற்சாலையில் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ், டிசைன், மெஷின்கள், கேமராக்கள் எல்லாம் ஐந்து ஸ்விட்சுகளில் ஒரே நெட்வொர்க்காக இருந்தன. யாரோ வீட்டிலிருந்து பழைய வைஃபை ரௌட்டரைக் கொண்டு வந்து கேபிளைச் சொருகிவிட்டார். அதற்கும் ஆபீஸ் கேட்வேக்கும் ஒரே முகவரி. போதாக்குறைக்கு, கேட்ட கம்ப்யூட்டருக்கெல்லாம் அது தானே ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்தது. லாரி கேட்டில் நிற்க, இன்வாய்ஸ் எடுக்க முடியாமல் அரை நாள் போனது.

இதற்குத் தீர்வு வி-லேன். ஒரே ஸ்விட்சை உள்ளுக்குள் பல ஸ்விட்சுகளாகப் பிரிக்கும் முறை. நம் நெடுஞ்சாலையில் டிஎன் 70 வண்டியும் கேஏ 51 வண்டியும் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன. நம்பர் பிளேட்தான் வித்தியாசம். அதுபோல ஸ்விட்சுகளுக்கு இடையே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். 1998-இல் வந்த 802.1க்யூ தரம் இது. எண்ணுக்கு 12 பிட் இடம். 4094 வி-லேன்கள் வரை வைக்கலாம். எங்களுக்கு ஐந்து போதும்: 10, 20, 30, 40 துறைகளுக்கு; 99 ஸ்விட்சுகளை நிர்வகிக்க மட்டும். ஸ்விட்சுகளின் முகவரிகளையும் 192.168.1 வரிசையிலிருந்து 10.10.99 வரிசைக்கு மாற்ற முடிவு செய்தோம்.

ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கடைசியில் இருக்கும் ஸ்விட்சை முதலில் மாற்ற வேண்டும்; பக்கத்தில் உள்ளதை முதலில் தொட்டால் அதற்கு அப்பால் உள்ளவை கைநழுவலாம். இதெல்லாம் தெரிந்தும் கோட்டை விட்டேன். ஸ்டோர்ஸ் ஸ்விட்சின் இணைப்பு போர்ட்டில் 10, 20, 30, 40 என்று அனுமதி கொடுத்தவன் 99-ஐ மறந்துவிட்டேன். புது முகவரியைக் கொடுத்ததும் இணைப்பு அறுந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புது முகவரியிலும் பதில் இல்லை! ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர்கள் ஜோராக வேலை செய்கின்றன, ஸ்விட்ச் மட்டும் ஊமை.

ஸ்டோர்ஸ் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவருக்கு வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில். பாவம், பைக்கில் வந்து சேர்ந்தார். நல்ல காலம், செய்த மாற்றத்தை நான் இன்னும் சேவ் செய்யவில்லை. ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்ததும் பழைய அமைப்போடு எழுந்தது. சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் ‘ரீலோட் இன் 10’ என்று முன்பே கட்டளை கொடுத்து வைக்கலாம். நாம் ரத்து செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் அதுவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

வீட்டு ரௌட்டர்கள் மாற்றத்தை உடனே சேவ் செய்துவிடும். ஆஃப் செய்து பயனில்லை. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரௌட்டரைச் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் அதைத் தனியாக உங்கள் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். முதல் ரௌட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, டிஹெச்சிபி-யை நிறுத்தி, பிறகு இரண்டின் லேன் போர்ட்டுகளையும் கேபிளால் இணையுங்கள். புது முகவரியை ஸ்டிக்கர் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மறந்துவிட்டால் ரீசெட் பட்டனைச் சில விநாடிகள் அழுத்த வேண்டியதுதான். முதல் ரௌட்டரில் மட்டும் இதைச் செய்யும் முன் பிராட்பேண்ட் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் அவையும் அழிந்துவிடும்.