அஞ்ச வேண்டிய மருந்து எது?

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் பிரித்துப் படித்துவிட்டு, மாத்திரையைத் தொடாமலே அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் அநேகர் உண்டு. குரோன் வியாதிக்காரர்களுக்கு அந்தத் தாளில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லும் கண்ணில் படுமாதலால், அவர்களுடைய பயத்தை வெறும் பிரமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் மருந்தைத் தொடாமல் விட்டால் வியாதி என்ன செய்யும் என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை.

1932-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்ற மூவர், சிறுகுடலின் கடைக்கோடியைத் தாக்கும் ஓர் அழற்சியைத் தனி நோயாக வர்ணித்தார்கள். ஆங்கில அகரவரிசையில் முந்தி நின்ற பெயரே வியாதிக்கும் நிலைத்துவிட்டது. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றக்கூடிய இந்நோய், குடலின் உட்பரப்போடு நில்லாமல் சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவி, ஆறிய இடத்தில் தழும்பு கட்டிக் குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்கும்; ஆறாத இடத்தில் புரையோடிப் பவுத்திரமாய் வழி வெட்டிக்கொள்ளும். வலியற்ற மாதங்களிலும் இச்சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கக்கூடும்.

இவ்வியாதிக்கு நெடுநாளாக வழங்கிவரும் மருந்து பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு. விலை மலிவு, உட்கொண்ட சில நாட்களிலேயே பேதி நின்று, வலி அடங்கி, மறந்திருந்த பசி திரும்பி வரவே, நோயாளி அதை அமிர்தமென்று கொண்டாடுவதில் ஆச்சரியமில்லை. அந்த நன்றியுணர்ச்சிதான் பின்னால் விபரீதமாகிறது. பொங்கும் வியாதியை அடக்க வல்ல இம்மருந்து, அடங்கிய நிலையைக் காத்து நிற்க வல்லதன்று. ஆகவே நிறுத்தினால் தொல்லை திரும்புகிறது, திரும்பினால் மறுபடியும் மாத்திரை, இப்படியே வருஷங்கள் கழிகையில் முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறி, கண்ணில் புரை விழுந்து, தொற்றுநோய்களுக்கும் உடம்பு இடங்கொடுத்துவிடுகிறது. பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தே. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டுக்குப் பழகிய அட்ரினல் சுரப்பி தன் சொந்த உற்பத்தியை மறந்திருக்குமாதலால், வைத்தியர் சொல்லும் கிரமப்படி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும். வட அமெரிக்காவில் 6,000-க்கு மேற்பட்ட குரோன் நோயாளிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்த பதிவேடு ஒன்றில், மரணத்தோடு சம்பந்தமுடையதாகத் தெரியவந்தது எல்லோரும் அஞ்சிய புது மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் அன்று, பழகிய ஸ்டீராய்டுதான். நோய் முற்றியவர்களே ஸ்டீராய்டை அதிகம் உட்கொள்வார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் அம்முடிவை அலட்சியம் செய்வதற்கில்லை.

ஸ்டீராய்டிலிருந்து விடுவிக்க வந்தவற்றுள் மூத்தது அஸதியோபிரின். இதை ஆக்கித் தந்த ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் வாய்ப்பை இது இரட்டிப்பாக்குகிறது என்று கேட்டால் யாருக்கும் குலை நடுங்கும். ஆனால் எது இரட்டிப்பாகிறது என்றல்லவா விசாரிக்க வேண்டும்? சாதாரண ஜனங்கள் 10,000 பேரில் வருஷத்துக்குச் சுமார் 2 பேருக்கு வருவது, இம்மருந்தை உண்பவர்களிடம் சுமார் 4 பேருக்கும், இதனோடு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்தையும் சேர்த்து எடுப்பவர்களிடம் சுமார் 6 பேருக்கும் வருவதாக ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு காட்டுகிறது. முதியவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். இளவயது ஆண்களிடம் மிக அபூர்வமாகக் காணும் ஒருவகை லிம்போமாவோ கொடியது. எனினும் ஆசியரான நமக்கு அதைவிடச் சமீபத்திலிருக்கும் அபாயம் வேறு: என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் ஒரு பேதம் ஐரோப்பியரைவிட நம்மிடம் மிகுதியாதலால், அப்பேதமுள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலேயே தலைமுடி கொட்டி, வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்துவிடக்கூடும். தூரத்துப் புற்றுநோயை எண்ணித் தூக்கமிழக்கிற ஒருவர், இந்தப் பேதத்தையும் வெள்ளணுக் குறைவையும் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவது வேடிக்கையான முரண்பாடு.

1998-இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைக் கட்டிப்போடுகிறது. 508 நோயாளிகளை வைத்து நடந்து 2010-இல் வெளியான பரிசோதனையில், 26 வாரத்தில் ஸ்டீராய்டின்றி நோய் தணிந்திருந்தவர்கள், அஸதியோபிரின் மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 30. இன்ஃப்ளிக்ஸிமாப் மட்டும் பெற்றவர்களில் 44. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 57. கடுமையான தொற்றோ, கூட்டு மருந்தால் அதிகமாகவில்லை. ஆனால் உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைக்காவலனைப்போல் அடைத்து வைத்திருப்பதும் அதே டி.என்.எஃப். ஆதலால், மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் முடியாமல் இந்தியாவில் எவரும் இம்மருந்தைத் தொடங்கலாகாது. போதாக்குறைக்கு, குடலில் வரும் காசநோயும் குரோனும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முன்னதைப் பின்னதென்று எண்ணி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டால் விளைவு பயங்கரம்.

நலமடைந்தவர் கேட்கும் கேள்வி எப்போது நிறுத்தலாம் என்பது. அஸதியோபிரின் போன்ற மருந்தோடு இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்று ஸ்டீராய்டின்றி நலமாயிருந்த 115 பேர், இன்ஃப்ளிக்ஸிமாபை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள்; ஒரு வருஷத்துக்குள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் திரும்பியது, அவர்களுள் பெரும்பாலோருக்கு அதே மருந்து மறுபடியும் பலித்தது. அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களான சி.ஆர்.பி. ரத்தத்திலும் கால்ப்ரொடெக்டின் மலத்திலும் உயர்ந்திருந்தவர்களிடம் நோய் மிகுதியாகத் திரும்பியதால், நிறுத்த விரும்புவோர் வயிறு சொல்வதை மட்டும் நம்பாமல், அவ்விரு பரிசோதனைகளையும் கையில் வைத்துக்கொண்டே வைத்தியரிடம் பேச்செடுக்கலாம்.