பிரேக் ஆயில் கொதித்தால்?

கொல்லிமலையிலிருந்து ஒரு கார் இறங்கி வருகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். பாதி வழியில் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, கார் நிற்கவில்லை! எந்த உறுப்பும் உடையவில்லை, ஆயிலும் ஒழுகவில்லை. பின் ஏன் இப்படி?

விடை காணுமுன், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பாஸ்கல் விதி

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட இவ்விதிதான் கார் பிரேக்குக்கு அடிப்படை. அம்பத்தூருக்கு அருகே பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா நிறுவனம், பிரிட்டனின் கிர்லிங் நிறுவனக் கூட்டுறவுடன் 1962இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவாகும் நீரியல் பிரேக்குகளும் இவ்விதிப்படியே இயங்குகின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். பெடலை 20 கிலோ விசையுடன் மிதிக்கிறீர்கள். நெம்புகோல் அமைப்பு அதை ஐந்து மடங்காக்கி, 100 கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகிறது. அதன் பிஸ்டன் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. சக்கரத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. எனில், அங்கே கிடைக்கும் விசை 500 கிலோ!

நீங்களே செய்து பாருங்கள்

ஊசியில்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டை (5 மி.லி., 20 மி.லி.) ரப்பர் குழாயால் இணைத்து, முழுவதும் நீர் நிரப்புங்கள். சிறியதை அழுத்தியதும் பெரியது நகரும். இப்போது குழாயில் சிறிது காற்றை விட்டு அழுத்துங்கள். முதலில் காற்றுக் குமிழிதான் சுருங்கும். பெரியது தாமதமாகவே நகரும். திரவம் எளிதில் சுருங்காது, வாயு சுருங்கும் அல்லவா?

நீர் என்னும் எதிரி

நாம் 'பிரேக் ஆயில்' என்று அழைத்தாலும், கார்களில் பெரும்பாலும் இருப்பது எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். 'டாட் 3' தர அளவின்படி, புதிய திரவம் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் இந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைகிறது.

1,200 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல், சுமார் 20 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பிரேக்கையே நம்பி இறங்கினால் இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகும். ஈரம் ஏறிய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். மிதிக்கும் விசை அவற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். இதுதான் அந்தக் காருக்கு நேர்ந்தது! மலையில் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான்.

சோதிக்கும் முறை

1. பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் இரு கோடுகளுக்கிடையே இருக்க வேண்டும். குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது அல்லது லைனிங் தேய்ந்திருக்கிறது. காரணம் அறியாமல் ஊற்றி நிரப்பக் கூடாது.

2. மிதித்த பெடல் மெத்தென்றிருந்தால் காற்று புகுந்திருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்லத் தாழ்ந்தால், கசிவோ மாஸ்டர் சிலிண்டர் ரப்பரின் தேய்மானமோ இருக்கலாம்.

3. பல கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்கிறார்கள். கையேட்டில் கூறிய வகையை, திறக்காத டப்பாவிலிருந்தே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

4. புகுந்த காற்றை வெளியேற்றுவதை மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்பார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் தளர்த்துவார். குமிழிகள் வெளியேறியதும், பெடலை விடுமுன் நிப்பிளை இறுக்கிவிடுவார்.

இவ்வேலை பழகியவர்களுக்கே உரியது. பிரேக் ஆயில் நச்சு, பெயிண்டையும் அரிக்கும். நீங்கள் அருகில் நின்று கவனியுங்கள், போதும்.

நீரியல் டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிளிலும் இதே திரவம்தான். கைப்பிடியருகே உள்ள சிறு கண்ணாடியில் அதன் மட்டம் தெரியும். இன்றே பாருங்கள், கடைசியாக எப்போது மாற்றியது என்றும் வீட்டில் கேளுங்கள்.