விரியாத ஸ்டென்டுக்கு லேசர் வைத்தியம்

சங்க நண்பர் ஒருவரிடம் டாக்டர், "ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, ஆனால் ஓரிடத்தில் சரியாக விரியவில்லை. லேசர் செய்து பார்க்கலாம்" என்றாராம். ஸ்டென்டையே உருக்கிவிடுவார்களோ என்று வீட்டில் ஒரே பயம். அப்படி இல்லை. ரயில்வேயில் இரும்போடும் நீராவியோடும் காலம் தள்ளியவன் என்ற முறையில், நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். அதைப் பலூன் மேல் ஏற்றி இருதய ரத்தக்குழாய்க்குள் அனுப்பி, பலூனை ஊதினால் விரிந்து சுவரோடு பதியும். சுவரில் வெறும் கொழுப்பு என்றால் வழிவிடும். வருஷக்கணக்காகக் கால்சியம் படிந்து காரையாகியிருந்தால், 20 அட்மாஸ்பியர் அழுத்தம் கொடுத்தாலும் சில சமயம் அசையாது. நம் பழைய டபிள்யூ.பி. நீராவி எஞ்சினின் பாய்லர் அழுத்தமே சுமார் 14 அட்மாஸ்பியர்தான்! இன்னும் ஊதினால் குழாய் கிழியலாம். அப்படியே விட்டாலோ, இடுப்பு சிறுத்த அந்த இடத்தில் ரத்தம் உறையவும் மறுபடி அடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

இங்கே உதவுவது எக்ஸைமர் லேசர். 308 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், மெல்லிய கதீட்டர் வழியாகத் துடிப்புத் துடிப்பாகப் பாயும். வழக்கமாக முதலில் உப்புநீர் செலுத்தி, ரத்தத்தையும் எக்ஸ்ரே சாயத்தையும் கழுவிவிடுவார்கள். காரணம், சாயம் கதிரை உறிஞ்சினால் குமிழிகள் வெடித்துப் பலமான அதிர்வு கிளம்பும். விரியாத ஸ்டென்டுக்கு வேண்டியதே அந்த அதிர்வுதான்! அதனால் வேண்டுமென்றே சாயத்தைச் செலுத்துகிறார்கள். அதிர்வு வலைக்கண்கள் வழியே போய்ப் பின்னாலுள்ள காரையைத் தளர்த்தும். கதிர் உலோகத்தை வெட்டாது. பிறகு பலூனை ஊதினால் ஸ்டென்ட் விரியும். 2014-ல் வெளியான எலிமென்ட் என்ற ஆய்வில் 28 பேரில் 27 பேருக்கு இது பலித்தது. சிறிய ஆய்வுதான், குழாய் கிழிவது, ரத்த ஓட்டம் மந்தமாவது போன்ற அபாயங்களும் உண்டு.

எக்ஸைமர் லேசர் உடல் திசுவைக் கருக்காமல் செதுக்கும் என்று 1981-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். முதல் சோதனை, விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில்!

லேசர் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. ஒலி அதிர்வால் கால்சியத்தை உடைக்கும் பலூனும் இப்போது உண்டு. ஆனால் காரையை ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே உடைப்பது சுலபம். ஆகவே ஆஞ்சியோபிளாஸ்டிக்குத் தேதி குறிக்கும்போதே, கால்சியம் எவ்வளவு இருக்கிறது, குழாய்க்குள்ளிருந்து படம் எடுத்துப் பார்ப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.