நரம்பாகாமல் தடுக்கும் மரபணு

பகாவ், லாபு, ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் பல இடங்களில் இல்லை. ஆனால் அடுப்படியில் வாழைத்தார் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்கிறதே, மூன்று மில்லிமீட்டர் அளவிலான அந்தச் சின்ன ஈ, அது மட்டும் எங்கும் போகவில்லை. கொய்யாவுக்குப் பை கட்ட வைக்கும் ஈ வேறு; அது காயைத் துளைத்து முட்டையிடும். இது நொதித்த பழத்தை நாடி வரும் டிரோசோபிலா. நம் பக்கத்தில் பரவலாகக் காணப்படும் அனனாசே என்ற இனத்தை 1858இல் அம்போன் தீவிலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஆய்வுக்கூடங்கள் வளர்ப்பது அதன் உறவினமான மெலனோகாஸ்டரை.

அதன் முட்டையின் நீளம் அரை மில்லிமீட்டர். 25 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் புழு வெளிவந்து ஊர்கிறது. ஊர்வதற்கான நரம்பு மண்டலமும் அந்த ஒரு நாளுக்குள்தான் உருவாகிறது.

முட்டையிட்டு மூன்று, நான்கு மணி நேரத்தில் கருவின் வயிற்றுப்புறத்தில் ஐந்தாறு செல்கள் கொண்ட சிறு கூட்டங்களில் அக்கீட், ஸ்கியூட் என்ற மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இவை செல்லை நரம்பாக மாறத் தூண்டுபவை. கூட்டத்தில் எந்தச் செல்லுக்கும் அந்தத் தகுதி உண்டு. மாறுவதோ ஒன்றே ஒன்று. சற்று முந்திக்கொண்ட செல் தன் மேற்பரப்பில் டெல்டா என்ற புரதத்தைக் கூடுதலாக ஏந்துகிறது. அது பக்கத்துச் செல்லின் நாட்ச் புரதத்தைத் தொட்டதும் நாட்ச்சின் உட்பகுதி அறுபட்டு உட்கருவுக்குள் போய், அங்கே அக்கீட், ஸ்கியூட் மரபணுக்களை அடக்கும் வேறு மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அடக்கப்பட்ட செல்லில் டெல்டாவும் குறைவதால் முந்திய செல்லைத் தடுக்க ஆளில்லை. அது உள்ளே இறங்கி நரம்புத் தாய்ச்செல் ஆகிறது. மற்றவை பெரும்பாலும் தோலாகின்றன. ஒவ்வொரு உடற்கண்டத்திலும் பக்கத்துக்கு ஏறக்குறைய 30 தாய்ச்செல்கள் இப்படித்தான் தேர்வாகின்றன.

தடை இல்லாவிட்டால்? 1930களின் பிற்பகுதியில் டொனால்ட் போல்சன் நாட்ச் இல்லாத கருக்களை ஆராய்ந்தார். தோலாக வேண்டிய செல்களும் நரம்பாகிக் கரு மடிந்துபோயிருந்தது. நரம்பை உருவாக்குவதைவிட எங்கே உருவாக்கக் கூடாது என்று அடக்குவதுதான் கருவின் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

கதையின் அடுத்த பகுதியில் நமக்கு அண்டை நாட்டின் பங்கு உண்டு. தாய்ச்செல் பிரியும்போது ஒரு பாதி மீண்டும் தாய்ச்செல்லாகிறது. நம்ப், புராஸ்பெரோ என்ற புரதங்களைப் பெறும் மறுபாதியிலிருந்து நரம்புகள் வருகின்றன. பிரியும் திசையை இன்ஸ்கியூட்டபிள் என்ற மரபணு ஒழுங்குபடுத்துவதை 1996இல் நேச்சர் இதழில் வெளியிட்ட குழுவில் சிங்கப்பூரின் வில்லியம் சியா இருந்தார். சிரம்பானிலிருந்து பேருந்தில் சில மணி நேரம்தான். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இந்த ஆய்வை எட்டாத உயரமாக நினைக்கவே கூடாது. கனிந்த பழம், ஒரு பாட்டில், பஞ்சு அடைப்பு, நல்ல உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால், முட்டை ஈயாகும் பத்து நாளையும் வகுப்பிலேயே பார்க்கலாம்.

தாய்ச்செல் பிரிவது தவறினால் ஈயின் மூளையில் கட்டியே வளர்கிறது; 2005இல் அத்தகைய செல்களை வேறு ஈக்களுக்கு மாற்றியபோது அங்கும் பெருகின. மனிதருக்கு நாட்ச் மரபணுக்கள் நான்கு. மூன்றாவதில் ஏற்படும் மாற்றம், மூளையின் நுண் இரத்தக் குழாய்களைச் சிதைத்து நடுவயதிலேயே பக்கவாதம் தரும் காடசில் என்ற பரம்பரை நோய்க்குக் காரணம் என்பதும் 1996இல்தான் தெரியவந்தது.