நாப்கின் மேல் இருக்கும் அந்த ஓட்டை பிளாஸ்டிக்

பாலிதீனுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. பால் பாக்கெட்டில் ஆரம்பித்து, மழைக்கு ஸ்கூட்டர் சீட்டில் மாட்டுகிற கவர் வரைக்கும் நாம் அதைப் பயன்படுத்துவதே அதற்காகத்தான். அப்படியிருக்க, ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே செய்த சானிட்டரி நாப்கினின் மேல்பக்கத்தில், அதுவும் உடம்பில் படுகிற பக்கத்தில், பாலிதீனை ஏன் ஒட்டுகிறார்கள்? வலைவலையாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்குமே, அந்த ஷீட்டைத்தான் சொல்கிறேன்.

மாதாமாதம் வீட்டுக்கு வாங்கி வருகிற பொருள். நாற்பது வயசு தாண்டும் வரை ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியிடம் சொல்லிவிட்டு, இரண்டு வகையை எடுத்து சாப்பாட்டு மேசையில் கத்தரியால் பிரித்தேன். ஒன்று வலை ஷீட் போட்டது. இன்னொன்று துணி மாதிரி மெத்தென்று இருப்பது. நெய்யாத துணி, கடையில் 'காட்டனி' என்று கேட்டால் கொடுப்பார்களே, அது.

வலை ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவினால் ஒரு விஷயம் தெரியும். மேல்பக்கம் வழவழப்பு, அடிப்பக்கம் சொரசொரப்பு. ஏனென்றால் அவை வெறும் ஓட்டைகள் இல்லை, புனல்கள். அகல வாய் உடம்பு பக்கம், குறுகிய வாய் உள்ளே பஞ்சுப் பக்கம். புனலின் நுனிகள்தான் அடியில் சொரசொரக்கின்றன.

இந்தப் புனல் யோசனைக்கு ஹியூ தாம்சன் என்பவர் பெயரில் 1975-ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் தலைப்பே கிட்டத்தட்ட 'குறுகிச் செல்லும் நுண்குழாய்கள் கொண்ட உறிஞ்சும் அமைப்பு' என்பதுதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் அதை 1983-ல் ஆல்வேஸ் நாப்கினில் கொண்டுவந்தது. இந்தியாவில் நமக்கு அதே கம்பெனியின் விஸ்பர் வந்தது. செய்முறையைச் சொன்னால் எளிது: சூடான பிளாஸ்டிக் படலத்தை, ஓட்டைகள் உள்ள ஒரு சுழலும் உருளை மேல் ஓடவிட்டு, உருளைக்கு உள்ளிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும். படலம் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இழுபட்டு, நுனியில் கிழிந்து, புனலாகிவிடும்.

சரி, புனல் ஏன் வேலை செய்கிறது? எனக்குச் சுவாரஸ்யமான இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு துளி ஒரு பரப்பின் மேல் உட்காரும்போது அதன் ஓரம் பரப்போடு ஒரு கோணம் பிடிக்கிறது. 90 டிகிரிக்குக் குறைவு என்றால் பரப்புக்குத் தண்ணீர் பிடிக்கும், அதிகம் என்றால் பிடிக்காது. பாலிதீன் மேல் தண்ணீருக்கு இது சுமார் 95 டிகிரி. அதனால் நேரான பாலிதீன் குழாய் தண்ணீரை உள்ளே இழுக்காது, தள்ளத்தான் செய்யும். ஆனால் குழாயின் சுவர் உள்நோக்கிச் சாய்ந்தால் கணக்கு மாறுகிறது. அகல வாயிலிருந்து போகும் திரவத்துக்கு, சுவர் 20 டிகிரி சாய்ந்திருந்தால், எல்லை 90 இல்லை, 90-ம் 20-ம் சேர்ந்து 110. நம் 95 அதற்குள் வந்துவிடுகிறது, எனவே உள்ளே இழுக்கும். குறுகிய வாயிலிருந்து திரும்பி மேலே வர நினைத்தால் எல்லை 90-ல் 20 போக 70. 95 அதைத் தாண்டிவிட்டது, எனவே தடுக்கும். அதே பிளாஸ்டிக், அதே திரவம், ஒரு திசையில் வழி, மறு திசையில் தடை. பி.ஈ. முதல் வருஷம் டையோடு படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து, நுனி பஞ்சைத் தொடும் இடம். நுண்துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு பலமாக இழுக்கும். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள துளை, தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் பொருளில் இருந்தால்கூட, சுமார் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் ஏற்றும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளை சுமார் 29 சென்டிமீட்டர் ஏற்றும். உள்ளே இருக்கும் இழைகளுக்கு நடுவிலான இடுக்குகள் இந்த இரண்டாவது ரகம். புனலில் இறங்கியதை அவை பிடுங்கிக்கொள்கின்றன.

அந்த இழை என்ன என்பதற்குத் தனிக் கதையே உண்டு. கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் 1998-ல் மனைவிக்காக நாப்கின் செய்யக் கிளம்பியபோது முதலில் வைத்தது பஞ்சு. அது சரிப்படவில்லை. கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்த மனுஷன், பெரிய கம்பெனிகள் வைப்பது பஞ்சே இல்லை, பைன் மரக்கூழ் என்று கண்டுபிடிக்க ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகுதான் கூழை அரைத்து, அழுத்தி, மேலே நெய்யாத துணியைச் சுற்றும் அவருடைய எளிய இயந்திரம் வந்தது. 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதைக் காட்டினார். 2016-ல் பத்மஸ்ரீ. அவர் கதையை எல்லோரும் மரக்கூழோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, பெரிய கம்பெனிக்கும் கிராமத்து மகளிர் குழுவுக்கும் இருந்த இடைவெளியில் பாதி இந்த மேல் ஷீட்டில் இருந்தது. தாம்சனின் காப்புரிமை அந்தக் கால அமெரிக்க விதிப்படி 17 வருஷம். 1992 கடைசியிலேயே முடிந்துவிட்டது. யோசனை இலவசம்தான். ஆனால் அந்த உருளையும் வெற்றிடமும் உள்ள ஆலையை மிக்ஸி அளவுக்குச் சுருக்க முடியாது.

இப்போது என் மேசைச் சோதனை. சிரிஞ்சில் 10 மில்லி சாயத் தண்ணீர், மெதுவாக. இரண்டு நிமிஷம் கழித்து மேலே மடித்த டிஷ்யூ, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் சொம்பு. வலை ஷீட்டில் டிஷ்யூ கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. துணி ஷீட்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு நிறம் ஏறியது. பிறகு அரிசிக் கஞ்சியில் சாயம் கலந்து ஊற்றினேன் (ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடாது என்பதால்). இந்தத் தடவை வலை தடுமாறியது. கஞ்சி மேலேயே கொஞ்ச நேரம் நின்று, ஓரமாக வழியப் பார்த்தது. துணி ஷீட் அதைப் பரவலாக ஈர்த்துக்கொண்டது. ஒரே ஒரு சோதனை, அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 5405-ன் 1980 பதிப்பில் உள்ள சோதனை, நிமிஷத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி ஊற்றிவிட்டு அடியிலும் ஓரத்திலும் கசிகிறதா என்று பார்ப்பது. போட்டுக்கொள்பவருக்குத் தெரிவது மேல்பக்கம்.

ஓரமாக வழிவதற்கும் பிளாஸ்டிக்கிலேயே ஒரு வழி உண்டு: புனலுக்குப் பதில் 'வி' வடிவ வாய்க்கால்கள். விழுந்த இடத்திலேயே தேங்காமல் நீளவாக்கில் இழுத்துப்போகும். காங்கஸ், ஃபின் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1969-ல் சொன்ன விதி இது: தொடுகோணமும் வாய்க்காலின் பாதிக் கோணமும் சேர்ந்து 90-க்குக் குறைந்தால் திரவம் மூலையைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடும். தொடுகோணம் 60 என்றால் வாய்க்கால் 60 டிகிரியை விடக் கூர்மையாக இருக்க வேண்டும். வெறும் பாலிதீனின் 95-க்கு எவ்வளவு கூராக்கினாலும் ஓடாது. அதனால் சோப்பு ரக ரசாயனம் ஏதாவது சேர்த்துத்தான் அந்தப் படலங்களைச் செய்கிறார்கள்.

இதையெல்லாம் உற்சாகமாக மனைவியிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க. ஏப்ரல் மாசம் அதைப் போட்டுக்கிட்டு சிறுசேரியிலேர்ந்து பஸ் மாறித் தாம்பரம் வரைக்கும் போய்ப் பாருங்க, தோல் உரிஞ்சிடும்" என்றாள். என் சொம்புச் சோதனையில் இது எங்கேயும் இல்லை. பாலிதீன் வியர்வையை உறிஞ்சாது. அடியிலும் பாலிதீன், மேலேயும் பாலிதீன். சென்னைப் புழுக்கத்தில் ஓட்டைகளின் விளிம்பு தோலில் உரசிக்கொண்டே இருக்கும். காய்ந்தது போல் இருப்பதில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. ஈரம் தெரியாததால் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வராது. கழிவறை சரியில்லாத பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் காலையில் போட்டதை சாயங்காலம் வரை வைத்திருக்கிறாள் என்றால், ஷீட்டின் சாமர்த்தியமும் அதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது, மேல்பக்கம் காய்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது இல்லை.

பிரித்துப் போட்டதைக் குழாயில் கழுவினேன். மரக்கூழ் கரைந்து போனது. ஜெல் உருண்டைகள் கொஞ்சம் நின்றன. வலை ஷீட் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் புதுசு மாதிரியே இருந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தார்களே, அங்கேயும் அது இப்படியேதான் வெளியே வந்திருக்கும். 2016-ன் திடக்கழிவு விதிகள், பாக்கெட்டோடு சுற்றிப்போட உறை கொடுக்கச் சொல்லியிருந்தன. அந்த உறையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

நெய்யாத துணியிலேயே புனல் மாதிரி ஓட்டை போட்ட ஷீட்டுகளும் இப்போது வருகின்றன. மெத்தென்றும் இருக்கும், ஓரளவு திரும்பியும் வராது. எங்கள் வீட்டில் இந்த மாதம் அதில் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறோம். ராத்திரிக்கு மட்டும் பழைய வலை ஷீட்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.